நாலு மாதப் பிள்ளை, கொப்பியில் இளம்பச்சை, வீட்டில் "பால் காணாது" என்ற கதை

உரும்பிராய் ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எழுதலாமா விடலாமா என்று மூன்று நாளாக யோசித்துவிட்டு இப்போதுதான் தொடங்குகிறேன். பிள்ளை ஏணையில் நித்திரை. எழும்புவதற்குள் முடிக்க வேண்டும்.

மகளுக்குப் போன சனியோடு நாலு மாதம். முதல் பிள்ளை. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம் பிறந்தவள். சுகப்பிரசவம், 39 கிழமை. பிறந்த நிறை 2 கிலோ 600 கிராம். ஐந்தாம் நாள் நிறுத்தபோது 2 கிலோ 410. முதல் கிழமையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் குறையும் என்று வார்ட்டில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். என்றாலும் அந்த 190 கிராமுக்கு நான் இரண்டு இரவு அழுதேன். இரண்டு கிழமையில் 2 கிலோ 650க்கு வந்துவிட்டாள். ஒரு மாதத்தில் 3.450, இரண்டு மாதத்தில் 4.250, மூன்றில் 4.850. இந்த முறை, நாலு மாத ஊசி போட்ட அன்று, 5 கிலோ 350.

கிளினிக் கொப்பியில், மாதாமாதம் நிறை குறிக்கிற வரைபில், இந்தப் புள்ளிகள் எல்லாமே இளம்பச்சை நிறத்துக்குள்தான் விழுகின்றன. ஒன்றுகூட, சரியான நிறை என்கிற கடும்பச்சைக்குள் ஏறவில்லை. நிறை குறைவு என்கிற செம்மஞ்சளுக்குள் இறங்கவும் இல்லை.

தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவில் மூன்று தடவை. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒன்பது மணி வரைக்கும் என் மடியை விட்டு இறங்க மாட்டாள். குடிப்பாள், விடுவாள், அழுவாள், மறுபடி குடிப்பாள். மாமி இதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லத் தொடங்கினார்: "பொழுதுபட்டால் உனக்குப் பால் காணாது பிள்ளை."

மாமியைப் பற்றித் தவறாக ஒருவரும் நினைக்க வேண்டாம். என் அம்மா கனடாவில் தம்பியோடு இருக்கிறார். 31 துடக்கு கழியும் வரைக்கும் என்னைப் பார்த்தது முழுக்க மாமிதான். சரக்கு வறுத்து அரைத்தார், விடிய எழும்பிப் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற காய மருந்து தந்தார், பால்சுறா கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால் மாமாவைப் பாசையூருக்கு அனுப்பினார், முருங்கையிலை இல்லாமல் ஒரு நாள் போனதில்லை. அப்படிப் பார்த்த மனுசி "காணாது" என்று சொல்லும்போது அது எனக்கு உள்ளுக்குள் குத்துகிறது. அவர் செய்ததையெல்லாம் நான் வீணாக்கிவிட்டேனோ என்று வருகிறது.

போன கிழமை மாமி ஒரு பால்மாப் பேணி வாங்கிக்கொண்டு வந்து குசினித் தட்டில், அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. வைத்தார், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு தடவை தேத்தண்ணீர் போடப் போகும்போதும் அதைப் பார்க்கிறேன்.

முன்வீட்டுத் தம்பியும் இவளும் ஒரே மாதம். அவன் 7 கிலோ 200. கையில் மடிப்பு மடிப்பாக இருக்கும். சொந்தக்காரர் வந்தால் அவனையும் பார்த்துவிட்டு இவளையும் பார்க்கிறார்கள். பேந்து என்னைப் பார்க்கிறார்கள். கிளினிக்கில் வரிசையில் நின்ற ஒரு அம்மா, "சோற்றுக் கஞ்சித் தண்ணியை வடித்துக் கொடு, ஒரு மாதத்தில் பார்" என்றார். எனக்குத் தெரியும், ஆறு மாதம் முடியும் வரை ஒன்றும் கொடுக்கக் கூடாது. தெரிந்தும், இரவு மூன்று மணிக்கு அதே யோசனைதான்.

ஆனால் பிள்ளை? பிள்ளை என்னைப் பார்த்து ஏழாம் கிழமையே சிரித்துவிட்டாள். மழை நேரம், துணி ஒன்றும் காயாமல் நான் நாப்கின்களை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாயில் கிடத்தியிருந்தேன். அயன்பெட்டி மேலே போகும்போதெல்லாம் கண் போனது. நான் குனிந்து "என்னடி" என்று கேட்டதும் வாய் ஒரு பக்கம் இழுபட்டுப் பேந்து முழுதாக விரிந்தது. இப்போது கழுத்து நன்றாக நிற்கிறது. குப்புறக் கிடத்தினால் நெஞ்சைத் தூக்கிப் பார்க்கிறாள். வலப்பக்கம் பிரளப் பார்க்கிறாள், கை அடியில் சிக்கி நின்றுவிடுகிறாள். திருவெம்பாவைக்கு விடிய நாலரைக்குச் சங்கு ஊதிக்கொண்டு ஆட்கள் போகும்போது கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள், அழுவதில்லை.

இப்போது என் கேள்வி. இளம்பச்சை என்றால் பிள்ளைக்குப் பால் போதவில்லை என்றுதான் அர்த்தமா? ஜனவரியில் எனக்குப் பள்ளிக்கூடம். 84 வேலை நாள் லீவு முடிகிறது. அரைச் சம்பளத்தில் இன்னும் 84 நாள் எடுக்கலாம், ஆனால் வீட்டுக்கடன் இருக்கிறது, ஏலாது. காலை ஏழேகால் முதல் பின்னேரம் இரண்டு மணி வரைக்கும் மாமியோடுதான் பிள்ளை. நான் வாசலைத் தாண்டியதும் பேணி திறபடும் என்று எனக்குத் தெரியும். மாமியோடு சண்டை பிடிக்க எனக்கு மனமில்லை. எப்படிக் கதைப்பது?

கொக்குவில் இரட்டைச்சடை எழுதியது:

தங்கச்சி, எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் பிறந்தபோது 3.4, இளையவள் 2.5. இளையவள் ஒரு வயது வரைக்கும் இளம்பச்சைதான். இப்போது ஏழு வயது, வீட்டு மதிலில் ஏறி நிற்கிறாள்.

முன்வீட்டுத் தம்பியை முதலில் மறந்துவிடுங்கள். ஆண்பிள்ளையின் வரைபு வேறு, பெண்பிள்ளையின் வரைபு வேறு. அவன் நிறையை உங்கள் மகளின் கொப்பியில் வைத்துப் பார்க்கவே கூடாது.

பின்னேர அழுகை என் இரண்டு பேரிடமும் இருந்தது. மூன்று மாதத்துக்கும் ஐந்து மாதத்துக்கும் இடையில் தானாக நின்றது. நான் அந்த நேரத்தில் சமையலை விட்டுவிட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்துவிடுவேன். இரவுச் சாப்பாட்டை இவர் கடையில் எடுத்துக்கொண்டு வருவார். வேறு மருந்து இல்லை.

வடமராட்சி மிஸ் எழுதியது:

பிள்ளை, நான் குடும்பநல உத்தியோகத்தராக 31 வருடம் வேலை செய்து ஓய்வு எடுத்தவள். சைக்கிளில் வீடு வீடாகப் போய் நிறுத்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சந்தையில் என்னை மறிக்கிறார்கள். நீங்கள் எழுதிய இலக்கங்களைப் பார்த்ததும் ஒரு பேப்பரில் குறித்துப் பார்த்தேன்.

கொப்பியைத் திறந்து உங்கள் மகளின் புள்ளிகளை ஒரு பென்சிலால் தொடுத்துப் பாருங்கள். அந்தக் கோடு அச்சடித்த கோட்டுக்குச் சமாந்தரமாகப் போகிறதா? ஓம், போகிறது. 2.600இல் பிறந்த பிள்ளை. அது எந்தப் படியில் தொடங்கியதோ அந்தப் படியிலேயே ஏறிக்கொண்டு வருகிறது. நாலு மாதத்தில் பிறந்த நிறையின் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. பொதுவாக ஐந்து மாதமளவில் இரட்டிக்கும் என்று பார்ப்போம். உங்கள் பிள்ளை அதற்கு முன்னமே இரட்டித்துவிட்டாள்.

இளம்பச்சை என்பது "கவனித்துப் பார்" என்ற நிறம். பால் காணாது என்று அதற்கு அர்த்தமில்லை. கோடு படுத்தால், அதாவது ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையில் ஏறாமல் நேராகக் கிடந்தால், அல்லது கீழ்நோக்கி ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு இறங்கினால், நாங்கள் ஓடி வருவோம். ஒரு புள்ளியை வைத்து ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. எங்கள் கொப்பியில் இருக்கும் வரைபு உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளை வைத்தது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை அளந்து செய்தது. அதற்கு முன் இருந்த வரைபில் போத்தல் பால் குடித்த பிள்ளைகள் நிறையப் பேர். அதனால்தான் பழைய வரைபில் தாய்ப்பால் பிள்ளைகள் நாலாம் ஐந்தாம் மாதத்தில் பின்வாங்குவது போலத் தெரிந்தார்கள், நிறையத் தாய்மார் வீணாகப் பயந்து மாவுக்கு மாறினார்கள். நானும் என் முதல் வருடங்களில் அப்படிச் சில பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனம் வருத்தப்படுகிறது.

இன்னொன்று. முதல் மூன்று மாதம் பிள்ளை கிழமைக்கு 150 முதல் 200 கிராம் வரை கூடும். அதற்குப் பிறகு வேகம் குறையும். முதல் மாதங்களில் 800 கூடியவள் போன மாதம் 500தான் கூடினாள் என்று நீங்கள் கணக்குப் பார்த்திருப்பீர்கள், ரீச்சர் இல்லையா. அது குறைந்ததல்ல. அந்த வயதுக்கு அதுதான் வேகம்.

பால் போதுமா என்று மாமிக்குக் காட்ட ஒரு வழி இருக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போவதை எண்ணுங்கள், மாமியையே எண்ணச் சொல்லுங்கள். 24 மணித்தியாலத்தில் ஆறு தடவைக்கு மேல் போனால், நிறமில்லாமல் போனால், உள்ளே போவது காணும். அடுத்தது, குடிக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். நாடி மார்பில் முட்டியிருக்க வேண்டும், கீழ் உதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், கன்னம் குழியக் கூடாது. இரண்டு மூன்று இழுவைக்கு ஒரு விழுங்கல் கேட்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாகக் குடித்து முடிய விட்டுப் பிறகு மற்றப் பக்கம் மாற்றுங்கள். கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்புக் கூட.

நிறுப்பதிலும் கவனம். ஒரு மாதம் உடுப்போடு, அடுத்த மாதம் உடுப்பில்லாமல் நிறுத்தால் கோடு பொய் சொல்லும். நனைந்த நாப்கின் ஒன்று 100 கிராமுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முடிந்தால் அதே தராசில் நிறுக்கச் சொல்லுங்கள்.

கஞ்சித் தண்ணி வேண்டாம். அது வயிற்றை நிரப்பும், அதில் சத்து இல்லை, பிள்ளை அதற்குப் பிறகு பால் குறைத்துக் குடிக்கும், பால் குறைத்துக் குடித்தால் உங்களுக்குச் சுரப்புக் குறையும். "காணாது" என்ற கதை அப்படித்தான் உண்மையாகிப் போகிறது. இதை நான் எத்தனையோ வீடுகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழும்பாமல் கிடந்தால், சிறுநீர் குறைந்தால், உச்சிக்குழி உள்ளே போயிருந்தால், கிளினிக் நாள் வரும் என்று காத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சுன்னாகம் அம்மா எழுதியது:

மிஸ் சொல்வது எல்லாம் சரி. ஆனால் நான் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் மகனுக்கு மூன்றாம் மாதத்தில் கோடு படுத்தது. நாலாம் மாதத்தில் இறங்கியது. நான் பிடிவாதமாகத் தாய்ப்பால் மட்டும் என்று இருந்தேன். பிள்ளை வைத்தியரிடம் காட்டியபோது நாக்கின் அடியில் ஒரு சவ்வு இறுக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்யும் வரைக்கும் அவர் சொன்ன அளவில் ஆறு கிழமை மாப்பாலும் கொடுத்தேன், கூடவே தாய்ப்பாலும். எனக்கு அப்போது யாராவது "வைத்தியர் சொல்லிக் கொடுத்தால் அது குற்றமில்லை" என்று சொல்லியிருந்தால் நான் அவ்வளவு உடைந்திருக்க மாட்டேன். உங்கள் பிள்ளைக்கு அது தேவைப்படாது போலத்தான் தெரிகிறது. ஆனால் இதை வாசிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம் என்று எழுதுகிறேன்.

மானிப்பாய் அப்பா எழுதியது:

நான் ஒரு அப்பா. மனைவி வங்கியில் வேலை, நாலரை மாதத்தில் திரும்பப் போனவ. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். விடிய நாலரைக்கும் இரவு பத்துக்கும் கையால் பீய்ச்சி எடுத்தா. முதல் நாள் 30 மில்லிதான் வந்தது, அழுதா. பத்தாம் நாள் 90 வந்தது. வேலைக்குப் போவதற்கு மூன்று கிழமைக்கு முன் தொடங்குங்கள், போன அன்று தொடங்கினால் முடியாது.

பீய்ச்சிய பாலை வெளியே நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம், எங்கள் வெயிலில் அதற்கும் குறைய என்று வையுங்கள். பிரிட்ஜில், கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக, நாலு நாள் வைக்கலாம். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்க வேண்டாம். கொதிக்க வைக்கவும் வேண்டாம், ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர் விட்டு அதற்குள் வைத்து எடுத்தால் போதும். நாங்கள் போத்தல் பழக்கவில்லை, சின்னக் கப்பும் கரண்டியும்தான். முதல் நாள் பாதி நெஞ்சில் ஊற்றுப்பட்டது. ஒரு கிழமையில் பழகிவிட்டான்.

பாலைத் தீத்துவது அம்மாவாக இருக்கக் கூடாது. அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு மணம் தெரியும், கப்பைத் தட்டிவிடும். மனைவி கிணற்றடியில் போய் நின்றா, என் அம்மா தீத்தினா. உங்கள் மாமியிடம் அந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

மீசாலை அம்மம்மா எழுதியது:

என் பேத்தி தட்டச்சுச் செய்து தருகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

பிள்ளை, உன் மாமிக்கு எத்தனை வயது? உன் மனிசன் எந்த ஆண்டு பிறந்தவர்? அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் கதைக்க வேண்டும். நான் கோண்டாவில் ஆள். 1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30ஆம் திகதி இரவு, சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நடந்தது. என் கடைசி மகனுக்கு அப்போது மூன்று மாதம். நல்ல மழை. செம்மணியால் நாவற்குழிப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம். பிள்ளையைச் சேலையால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு மேலே ஒரு பொலித்தீன். விடியவரைக்கும் நான் ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணீரும் இல்லை. பிள்ளை இழுக்கிறது, வரவில்லை. ரோட்டுக் கரையில் இருந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு பெண், யாரென்று இன்றைக்கும் தெரியாது, தன் பிள்ளைக்குக் கொடுத்து முடித்தவள், ஒரு கதையும் கதைக்காமல் கையை நீட்டி என் பிள்ளையை வாங்கினாள். அவன் அவளிடம் குடித்துவிட்டு நித்திரையானான்.

பேந்து மீசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறையில் எட்டுக் குடும்பம். மாப்பால் ஒரு பேணி கிடைத்தால் அதைப் பங்கு போட்டுத் தண்ணியாகக் கரைத்தோம். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். எங்களுக்கு நிறுக்கத் தராசு இல்லை. அரைஞாண் கயிற்றைத்தான் பார்த்தோம். கயிறு இறுகினால் பிள்ளை ஊறுகிறது, கயிறு தளர்ந்தால் பிள்ளை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டும்போது விரலை விட்டுப் பார்ப்பேன். தை மாதத்தில் ஒரு விரல் போன இடத்தில் இரண்டு விரல் போனது. அந்தப் பயம் என்னை இன்றைக்கும் விடவில்லை. என் பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் முதலில் இடுப்பைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

அடுத்த சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். மகன் தப்பிவிட்டான், இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

உன் மாமி பேணி வாங்கி வைத்தது உன் பாலைக் குறை சொல்லி இல்லை என்று நான் நினைக்கிறேன். கேட்டுப் பார், பிள்ளை.

உரும்பிராய் ரீச்சர் எழுதியது:

இரண்டரைக் கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட நேரம் கிடைக்கவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

மீசாலை அம்மம்மா எழுதியதை அன்று இரவு இவருக்கு வாசித்துக் காட்டினேன். இவர் 1995 ஆனியில் பிறந்தவர். அப்போது அவருக்கு நாலு மாதம். இத்தனை நாளும் நாங்கள் கலியாணம் முடித்து ஒரே வீட்டில் இருக்கிறோம், இது ஒருநாளும் கதையில் வரவில்லை. இடம்பெயர்ந்தது தெரியும், எல்லா வீட்டிலும் இருக்கிற கதை. ஆனால் நாலு மாதப் பிள்ளையோடு என்று நான் ஒரு தரமும் கணக்குப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் பின்னேரம் மாமி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். "மாமி, இவர் நாலு மாதத்தில் எத்தனை கிலோ?" என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. "யாருக்குத் தெரியும் பிள்ளை. அப்போது கொடிகாமத்தில் கிடந்தோம்" என்றார். கொஞ்ச நேரம் இலை உருவினார். பேந்து சொன்னார். மார்கழி மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் பால் வற்றிப் போனதாம். மாமா ஒரு பால்மாப் பேணிக்காகக் கொடிகாமத்திலிருந்து சாவகச்சேரி வரைக்கும் சைக்கிளில் போய் இரண்டு நாள் வரிசையில் நின்றாராம். மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்தாராம். "அன்றைக்கு நான் நினைத்தேன், இனி என் வீட்டில் ஒரு பேணி எப்போதும் இருக்க வேண்டும் என்று" என்றார்.

நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் இலையை உருவி முடித்தோம்.

சரி, மற்றதையும் சொல்கிறேன். வடமராட்சி மிஸ் சொன்ன மாதிரி மாமியையே எண்ணச் சொன்னேன். கலண்டரில் அன்றைய திகதிக்குக் கீழே பென்சிலால் கோடு கோடாகப் போட்டார். முதல் நாள் ஒன்பது. அடுத்த நாள் எட்டு. மூன்றாம் நாள் தானாகவே எண்ணினார், நான் கேட்கவில்லை. பத்துக் கோடு.

குடிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்கச் சொன்னேன். மாமிக்குக் கண்ணாடி போட்டால்தான் கிட்டத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். மகள் இழுக்கும்போது காதுக்குக் கீழே, தாடை தொடங்கும் இடத்தில், ஒரு சின்ன மேடு ஏறி இறங்கும். ஏறும்போது காதுமடலின் நுனியும் ஒரு மயிரிழை அசையும். இரண்டு தரம் அசைந்து மூன்றாவது தரம் தொண்டையில் "க்" என்று ஒரு சத்தம். நாலு மாதமாக மடியில் வைத்திருக்கிறேன், நானும் அன்றைக்குத்தான் அதை வடிவாகக் கவனித்தேன். மாமி அந்த மேட்டின் மேல் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். மகள் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மட்டும் திருப்பி மாமியைப் பார்த்தாள், வாயை எடுக்காமலே சிரித்தாள், பால் கடைவாயால் வழிந்தது. மாமி தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

மானிப்பாய் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே நடந்தது. முதல் நாள் 20 மில்லி. நான் கிணற்றடியில் நின்றேன், மாமி கப்பால் தீத்தினார். மகள் துப்பினாள், கத்தினாள். ஓடிப் போய்த் தூக்க வேண்டும் போல இருந்தது, போகவில்லை. ஐந்தாம் நாள் 40 மில்லியையும் குடித்து முடித்துக் கப்பின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்று மாமி வந்து சொன்னார். இப்போது 80 மட்டில் வருகிறது. பள்ளிக்கூடம் தொடங்கி மூன்று நாள். இடைவேளையில் விஞ்ஞானகூடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையைப் பூட்டிக்கொண்டு பீய்ச்சுகிறேன். அதிபர் தானாகவே திறப்பைத் தந்தா, அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மாமி போத்தல்களில் பிளாஸ்ரர் ஒட்டி நேரம் எழுதி வைக்கிறார். பழையதை முதலில் கொடுக்க வேண்டும் என்று மாமாவுக்கு வகுப்பு எடுக்கிறார்.

சுன்னாகம் அக்கா, நீங்கள் எழுதியதற்கும் நன்றி. நாக்கைப் பார்க்கச் சொல்லிக் கிளினிக்கில் கேட்டேன். பார்த்தார்கள், ஒன்றும் இல்லை.

நேற்று நிறுத்தோம். உடுப்பு, நாப்கின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு. தராசுத் தட்டு குளிர்ந்ததாக்கும், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு திடுக்கிட்டாள், பேந்து கிளினிக் மிஸ்ஸின் பேனையைப் பிடித்துக்கொண்டாள். பேனையை விடுவித்த பிறகுதான் முள் நின்றது. 5 கிலோ 620. புள்ளி இளம்பச்சைக்குள்தான் விழுந்தது, முந்திய புள்ளிகளோடு அதே சரிவில்.

வீட்டுக்கு வந்ததும் மாமி இலக்கத்தைக் கேட்டார், சொன்னேன். "நல்லது" என்றார். பேணி இன்னும் குசினித் தட்டில்தான் இருக்கிறது. எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் மாட்டேன்.

பின்னேரம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மாமி காலை நீட்டி அதன்மேல் கிடத்தியிருந்தார். எண்ணெய் பூசிக்கொண்டு வந்தவர் இடுப்பில் கை வந்ததும் நிறுத்தினார். அரைஞாண் கயிற்றுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். போகவில்லை. தோலில் மெல்லிய சிவப்புத் தடம் ஒன்று இருந்தது. "இஞ்சை வா, பிடி" என்று என்னைக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கையோடு அந்த முடிச்சை அவிழ்க்க வெளிக்கிட்டார். வழுக்கி வழுக்கிக் கன நேரம் எடுத்தது. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்து, ஒரு விரலளவு தளர்த்தித் திரும்பக் கட்டினார்.